அடிநாதம்

கிதாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிதாருக்கு நான்கு. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ அதில் சரிபாதியாக 41 முறையே அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலியைச் செவி கேட்பதைவிட நெஞ்சு உணர்வதே மிகுதி. இசை நிகழ்ச்சி கேட்டு வீடு திரும்புகிறவர் பாடியவரைப் பாராட்டுவார். லீட் கிதார் வாசித்தவரை வியப்பார். டிரம்ஸ் வாசித்தவரைக்கூட நினைவில் வைத்திருப்பார். பேஸ் வாசித்தவர் மேடையில் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால் விழிப்பார். ஆனால் அந்த ஒருவர் பாட்டின் நடுவே கையை எடுத்துவிட்டால், என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ குறைந்துவிட்டது என்பது அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

ராக் இசைக்குழுக்களைப் பற்றிப் பேசுவோர் புகழ்பெற்ற கிதார் கலைஞர்களின் பெயர்களையே அடுக்குவது வழக்கம். நமக்கு நெடுநாளாக வேறொரு நாட்டம் உண்டு. ஒரு குழுவின் கிதார் கலைஞரும் பேஸ் கலைஞரும் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிக்கொள்கின்றனர் என்று கூர்ந்து கேட்பதே அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது, விடுமுறை முடிந்து திரும்பிய உடன்மாணவர் ஒருவர் கொண்டுவந்த ஒலிநாடாக்களால் தொற்றிய நாட்டம். இறையியல் முடித்து, குருப்பட்டம் பெற்று, பங்குகள் பல மாறிய பின்னும் விட்டபாடில்லை. ராக் இசையைப் பற்றி மறைமாவட்ட இதழில் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம்.

இவ்விருவர் உறவு குழுவுக்குக் குழு வேறுபடும். பீட்டில்ஸ் குழுவில் பேஸ் வாசித்துவந்தவர் 1961-இல் விலகியபோது, அதுவரை கிதார் வாசித்துவந்த பால் மெக்கார்ட்னி அந்த இடத்துக்கு வந்தார். விரும்பி வந்தாரில்லை, வேறு எவரும் முன்வரவில்லை, அவ்வளவே. 'தி ஹூ' என்னும் குழுவிலோ முறையே தலைகீழ். பீட் டவுன்ஷெண்ட் கிதாரில் தாளக்கட்டைக் காத்து நிற்க, ஜான் என்ட்விசில் பேஸில் விரலோட்டம் காட்டுவார். 1965-இல் வெளிவந்த 'மை ஜெனரேஷன்' பாட்டில், கிதார் தனித்து ஒலிக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் பேஸ் தனித்து ஒலிக்கும். லெட் செப்பலின் குழுவில் ஜிம்மி பேஜுக்கு இணையாக நின்ற ஜான் பால் ஜோன்ஸ், 14 வயதிலேயே ஆலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்தியவர். நாம் அறிந்த பாடகர் குழுத் தலைவர்களின் பொறுமை அவர் வாசிப்பிலும் உண்டு. டப்ளின் நகரத்து 'யூ டூ' குழுவினர் எண்பதுகளின் தொடக்கத்தில் செபக்குழு ஒன்றில் ஈடுபட்டிருந்தனர். கிதார் கலைஞர் எட்ஜ், நற்செய்தியும் இந்த இசை வாழ்வும் ஒத்துவருமா என்று மனம் குழம்பிக் குழுவைவிட்டே விலக எண்ணினார். பேஸ் கலைஞர் ஆடம் கிளேட்டன் மட்டும் அச்செபக்குழுவில் சேராதவர். ஆயினும் அந்த இருவரும் இன்றளவும் ஒரே மேடையில் நிற்கின்றனர். அதே எட்ஜ் 2016-இல் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் வாசித்தார் என்பது போகிற போக்கில் சொல்லத்தக்க செய்தி.

இவற்றையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நம் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிட்ட இணை ஒன்றைப் பற்றியே விரிவாகச் சொல்ல விழைகிறோம். அவ்விணையின் குழுப் பெயரைக் கேட்டதும் சிலர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளக்கூடும். குழுவின் பெயர் 'பிளாக் சபாத்'. கறுப்பு ஓய்வுநாள் என்பது பொருள். கிதார் கலைஞர் டோனி ஐயோமி. பேஸ் கலைஞர் கீசர் பட்லர்.

பர்மிங்காம் என்றால் கத்தோலிக்கராகிய நமக்குப் புனித நியூமன் நினைவுக்கு வருவார். அவர் தம் துறவறக் குழுமத்தை நிறுவி, வேலை தேடி வந்து குடியேறிய அயர்லாந்து ஏழைகளிடையே பணிபுரிந்த நகரம் அது. அந்நகரின் ஆஸ்டன் பகுதி, தொழிற்சாலைகளும் நெருக்கமான சிறு வீடுகளும் நிறைந்த இடம். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு இடையேதான் ஐம்பதுகளின் பிள்ளைகள் அங்கு விளையாடினர். 1949-இல் பிறந்த பட்லர் அப்பகுதியில் வளர்ந்தவர். டப்ளினிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஏழாவது பிள்ளை. முழுப்பெயர் டெரன்ஸ் மைக்கேல் ஜோசப். ஒரே பெயரில் அதிதூதரையும் சூசையப்பரையும் சேர்த்து வைத்த தாய்தந்தையரின் பக்தியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சிறு வயதில் தாம் குருவாக விரும்பியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஐயோமி 1948-இல் பிறந்தவர். தாயின் வழியில் இத்தாலியக் குருதி. இருவரும் வளர்ந்த தெருக்களில் ஆலை வேலைக்குப் போவதைத் தவிர வேறு எதிர்காலம் பெரிதாக இல்லை.

ஐயோமியும் ஆலைக்குத்தான் போனார். 1965-இல் அவருக்கு வயது 17. இசைக்குழு ஒன்றோடு ஐரோப்பியப் பயணம் செல்லும் வாய்ப்பு வந்திருந்தது. எனவே தகடு வெட்டும் அந்த ஆலையில் அன்று அவருக்குக் கடைசி நாள். மதிய உணவுக்கு வீடு வந்தவர் திரும்பிப் போக மனமின்றி இருக்க, எடுத்த வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வழக்கமாக அழுத்து இயந்திரத்தில் நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத இவரை அதில் நிறுத்தினர். இயந்திரம் வலக்கையின்மேல் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்தபோது நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போயின. ஐயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்திகளை மீட்டுவது இடக்கை, தந்திகளை அழுத்துவது வலக்கை. அழுத்தும் கையின் இரு விரல்களே நுனியிழந்தன. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டனர்.

அந்த ஆலையின் மேலாளர் அவரைப் பார்க்க வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. கேட்டுப் பார் என்றார். கேட்கும் மனநிலையில் இளைஞர் இல்லை, கட்டாயத்தின்பேரில் கேட்டார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்பவரின் கிதார். இவர் இரண்டு விரல்களால் வாசித்தது இது என்று மேலாளர் அப்போதுதான் சொன்னார். நாடோடி வண்டியில் வாழ்ந்த ரெயின்ஹார்ட் 1928-இல் வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போனவர். கைம்மாறு கருதாமல் ஓர் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மேலாளரை எண்ணுந்தோறும், நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது நம் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நமக்கு எழுவதுண்டு.

பின்பு ஐயோமி செய்தது கம்மாளன் வேலை. நெகிழிப் புட்டியொன்றை உருக்கி உருண்டையாக்கி, சூடேற்றிய பற்றாசுக் கோலால் குடைந்து, விரல்நுனிக்கு உறைகள் செய்துகொண்டார். பழைய தோல் அங்கியிலிருந்து துண்டு வெட்டி அவற்றின்மேல் ஒட்டினார். தந்தி வழுக்காமல் இருக்க. உறை போட்ட விரலுக்குத் தந்தியின் தொடுவுணர்வு கிடையாது. வழக்கமான தந்திகளை அழுத்தினால் வலி. எனவே பாஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய தந்திகளைக் கிதாரில் மாட்டினார். பிற்பாடு சுருதியையே இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தியின் ஒலி கனத்தது, இருண்டது. பின்னாளில் 'ஹெவி மெட்டல்' என்று உலகம் பெயரிட்டழைத்த ஓர் இசை வகையின் அடையாள ஒலி இவ்வாறு பிறந்தது. அழகியல் கொள்கை எதுவும் இதன் பின்னால் இல்லை. அடிபட்ட விரல் தாங்கக்கூடிய அளவுக்குத் தந்தியைத் தளர்த்தியதால் வந்த ஒலி அது.

பட்லர் வந்து சேர்ந்தது 1968-இல். அவர் அப்போது பேஸ் கலைஞர் அல்லர், கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். ஐயோமிக்கோ தம்மோடு இன்னொரு கிதார் ஒலிப்பதில் விருப்பமில்லை. பட்லர் பேஸுக்கு மாறிக்கொண்டார். பேஸ் கிதார் வாங்கக் கையில் பணமில்லாததால், இருந்த டெலிகாஸ்டர் கிதாரின் சுருதியை இறக்கிச் சில நாள் ஒப்பேற்றினார். 'கிரீம்' என்னும் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த பேஸே அவருக்கு முன்மாதிரி. வாய்ப்பாட்டுக்கு ஆஸி ஆஸ்பர்ன், டிரம்ஸுக்கு பில் வார்ட். நால்வரும் ஆஸ்டன் பகுதிப் பிள்ளைகள்.

ஒரு கருவியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது எளிய செயல் என்று தோன்றலாம். குழுவில் வாசித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆறு தந்தியிலிருந்து நான்கு தந்திக்கு இறங்கச் சொன்னால் பலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இனி அவ்விருவர் வாசிக்கும் முறையைப் பற்றி. பொதுவாக பேஸ் கலைஞர் கிதாருக்கு அடியில் தமக்கென்று தனிவழி ஒன்றை வகுத்துக்கொள்வார். கிதார் மேலே போனால் இவர் கீழே வருவார். பட்லர் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. ஐயோமி ஒரு 'ரிஃப்' வாசிக்கிறார் என்று கொள்வோம். அதாவது திரும்பத் திரும்ப வந்து பாட்டையே சுமந்து செல்லும் ஒரு சிறு இசைவரி. அதே வரியை, அதே நடையில், ஒரு ஸ்தாயி கீழே பட்லரும் வாசிக்கிறார். ஐயோமி தந்தியை வளைத்துச் சுரத்தை நெகிழ்த்தினால், இவரும் தம் தடித்த தந்தியை வளைக்கிறார். ஐயோமி கையாளும் கார்டுகள் பெரும்பாலும் இரண்டே சுரங்களால் ஆனவை. நம் வழக்கில் சொன்னால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. அது மகிழ்ச்சியா துயரமா என்று சொல்லாத வெற்றுக் கூடு. அந்தக் கூட்டுக்குள் பட்லரின் பேஸ் புகும்போது அதற்கு எலும்பும் தசையும் உண்டாகின்றன. தடம் மாறாமல் கூடவே நடப்பது திறமைக் குறைவு என்று சில திறனாய்வாளர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நொண்டி நடப்பவரோடு அவர் காலடிக்கு ஏற்ப நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கூடவே நடப்பது மட்டுமன்று. ஐயோமி ரிஃபை விட்டுத் தனிவாசிப்புக்குப் பறந்து செல்லும்போது, குழுவில் இரண்டாவது கிதார் இல்லாததால் கீழே பெரும் பள்ளம் விழ வேண்டும். விழுவதில்லை. அங்கேதான் பட்லரின் விரல்கள் அலைகின்றன, நிரப்புகின்றன, சில வேளை கிதாரையே முந்துகின்றன. தனிவாசிப்பு முடிந்து ஐயோமி இறங்கி வரும் கணத்தில் இவர் மீண்டும் பழைய வரியில் நிற்கிறார். இந்த இடத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை.

திருத்தூதர் பணிகள் நூலைக் கருத்தூன்றி வாசிப்போருக்கு ஒரு நுட்பம் புலப்படும். தர்சு நகருக்குத் தேடிச் சென்று சவுலை அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவர் பர்னபா. தொடக்கத்தில் லூக்கா 'பர்னபாவும் சவுலும்' என்றே எழுதுவார். 13-ஆம் அதிகாரத்தின் இடையில் வரிசை புரண்டுவிடும்; 'பவுலும் பர்னபாவும்' என்றாகும். பர்னபா அதைப் பொருட்படுத்தியதாக ஒரு சொல்கூட அந்நூலில் இல்லை. குருமடத்தில் இப்பகுதியை விளக்கிய பேராசிரியர் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஆண்டுகளில் அம்மௌனம் நமக்குப் பலமுறை பயன்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் தாய் ஒருவர், மகனின் கறுப்புச் சட்டை ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். சட்டையின்மேல் இக்குழுவின் பெயர். "ஃபாதர், இது சாத்தான் பாட்டுன்னு சொல்றாங்க. எரிச்சுடட்டுங்களா?" என்று கேட்டார். குரலில் உண்மையான கலக்கம். மகன் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பவன், பதினேழு வயது. சில வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பையனை வரச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அந்தத் தாய்க்கு அன்று சொன்னவற்றை இங்கே சற்று விரித்துச் சொல்கிறோம். குழுவின் பெயர் 1963-இல் வந்த இத்தாலிய அச்சப் படம் ஒன்றின் ஆங்கிலப் பெயர். அச்சத்தை அனுபவிக்க மக்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று வியந்த இளைஞர்கள் அதைத் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதன் உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையைப் பதித்தது இசைத்தட்டு நிறுவனம். குழுவினர் அறியாமல் நடந்தது அது. அவர்கள் கழுத்தில் அணிந்த சிலுவைகளோ நேரானவை. கருவிகள் செய்யும் தொழிலாளியான ஆஸ்பர்னின் தந்தை தம் கையால் செய்து கொடுத்தவை. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாடலில், கறுத்த உருவம் ஒன்றைக் கண்டு நடுங்குகிற மனிதன் யாரை அழைக்கிறான் என்று கேளுங்கள். கடவுளைத்தான் அழைக்கிறான்.

அப்பாடலில் வரும் சுர இடைவெளியைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. மேற்கத்திய இசையாசிரியர் அதற்கு 'இசையில் பேய்' என்று பெயரிட்டிருந்தனர். இடைக்காலத் திருச்சபை அதைத் தடைசெய்தது என்பர். அப்படியொரு தடை ஆணை எதுவும் கிடையாது. பாடுவதற்குக் கடினம் என்று ஆசிரியர்கள் மாணவரைத் தவிர்க்கச் சொன்ன இடைவெளி, அவ்வளவே. நம் கல்யாணி ராகத்தில் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையே உள்ளதும் அதே தொலைவுதான். கல்யாணி பாடி எவருக்கும் பேய் பிடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இந்த ரிஃப் பிறந்ததிலும் இவ்விருவரின் பங்கு உண்டு. ஹோல்ஸ்ட் என்னும் ஆங்கில இசையமைப்பாளரின் 'கோள்கள்' என்ற படைப்பில் செவ்வாயைப் பற்றிய பகுதியை பட்லர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஐயோமியின் செவியில் விழுந்து, உருமாறி, இந்த மூன்று சுரங்களாக வெளிப்பட்டது.

பாடல்களின் சொற்களைத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் எழுதியவரும் பட்லரே. 1970-இல் வந்த 'வார் பிக்ஸ்' பாடல், போரை மூட்டிவிட்டு ஏழைகளைக் களத்துக்கு அனுப்பும் தலைவர்களை இறுதித் தீர்ப்பு நாளில் மண்டியிட வைக்கிறது. இறைவாக்கினர் ஆமோஸ் அதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார் என்பது நம் எண்ணம். 1971-இன் 'ஆஃப்டர் ஃபாரெவர்' இன்னும் வெளிப்படையானது. நண்பர்கள் நகைப்பார்களோ என்று அஞ்சித் தம் நம்பிக்கையை மறைக்கிறவர்களை அது நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது. சாவுக்குப் பின் ஆன்மா என்னவாகும் என்று சிந்தித்ததுண்டா என்கிறது. குருவாக விரும்பிய சிறுவன் முழுமையாக மறைந்துவிடவில்லை போலும். எல்லாப் பாடல்களையும் நாம் பரிந்துரைக்க மாட்டோம். 'என்.ஐ.பி.' என்ற பாடலில் சாத்தான் காதல்வயப்பட்டு நல்லவனாக மாறுகிறான்; ஓரிஜன் பெயரால் வழங்கி, திருச்சபை ஏற்காமல் விட்ட கருத்துக்கு ராக் இசையில் ஒரு மறுபிறவி என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். போதைப்பொருளால் அக்குழுவினர் பட்ட பாட்டையும், அதைப் போற்றிய பாடல்கள் சில உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்தத் தாயிடமும் மறைக்கவில்லை.

பையன் மறுநாள் வந்தான். சாத்தானைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அது அவன் சிக்கலே இல்லை. "நான் வாசிக்கறது யாருக்குமே கேக்கறதில்ல ஃபாதர். லீட் வாசிக்கிற அண்ணனைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. பெரியவங்க வேற, கீபோர்டுலயே பேஸ் வருதே, இவன் எதுக்குன்னு கேக்கறாங்க," என்றான். கண்கள் கலங்கியிருந்தன. கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் அடிநாதமும் தாமே வந்துவிடுகிற காலம் இது. பல ஆலயங்களில் நான்கு இளைஞர்கள் நின்ற இடத்தில் இன்று ஒரு கருவி நிற்கிறது. பாட்டு பிழையின்றி ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அவனுக்கு நாம் மறையுரை நிகழ்த்தவில்லை. 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரம் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டோம். சட்டையைத் திருப்பிக் கொடுத்து, அவன் கைப்பேசியிலேயே 'வார் பிக்ஸ்' பாடலைப் போடச் சொல்லி, கிதாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேள் என்றோம். ஏறத்தாழ எட்டு நிமிடப் பாட்டு. முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், கிதார் தனித்துப் பறக்கும் இடத்தில் திரும்பி நம்மைப் பார்த்தான். மீண்டும் போட்டுக் கேட்டான். ஐயோமியின் விரல்களைப் பற்றியும் பட்லர் கிதாரை விட்டதைப் பற்றியும் சொன்னபோது, "அவருக்கு வருத்தமா இல்லீங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விடை நமக்குத் தெரியாது என்றோம். ஞாயிறு வந்து வாசித்தான். இன்று கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் வாசிக்கிறான். லீட் கிதார் ஆசையும் அவனை விட்டுப் போகவில்லை.

ஐயோமி, பட்லர் இருவரின் உறவும் குறையற்றது அன்று. 1979-இல் ஆஸ்பர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். எண்பதுகளின் நடுவில் பட்லரும் விலகினார், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரும்பினார், மீண்டும் விலகினார். எல்லாக் காலத்திலும் குழுவில் நிலைத்திருந்தவர் ஐயோமி ஒருவரே. வேறு பேஸ் கலைஞர்கள் வந்தனர், திறமையானவர்களே. ஆனால் அவர்கள் காலத்து இசைத்தட்டுகளில் கிதார் தனியாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றும். பவுலும் பர்னபாவும்கூட மாற்கை முன்னிட்டுக் கடுமையாக வாதிட்டுப் பிரிந்தனர் அன்றோ? லூக்கா அதை மறைக்காமல் எழுதிவைத்தது நமக்கு எப்போதும் ஆறுதல் தருகிறது. 1997 டிசம்பரில் ஆஸ்டன் இளைஞர் நால்வரும், அப்போது ஐம்பதை நெருங்கியவர்கள், பர்மிங்காம் மேடையில் மீண்டும் ஒன்றாக நின்றனர்.

2012-இல் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு இடையிடையே, பட்லரும் ஆஸ்பர்னும் உடனிருக்க, புதிய பாடல்களைப் பதிவு செய்தார். '13' என்ற அந்த இசைத்தொகுப்பு 2013-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. இங்கிலாந்தில் 1970-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதலிடம். அமெரிக்காவில் அதுவே முதல் தடவை.

2017-இல் ஐயோமி செய்த இன்னொன்று இசையுலகில் அதிகம் பேசப்படவில்லை. பர்மிங்காமின் ஆங்கிலிக்கன் பேராலயத்துப் பாடகர் குழுவுக்காக அவர் ஒரு பாடல் அமைத்துக் கொடுத்தார். சகோதரர் ஒருமித்து வாழ்வதன் இனிமையைப் பாடும் 133-ஆம் திருப்பாடலைத் தழுவிய பாடல் அது. பாடகர் குரல்களின் நடுவே கிதாரை மெதுவாக வாசிக்கிறார். தெரியாதவர் கேட்டால் இன்னார் என்று கண்டுபிடிக்க மாட்டார். இத்தனை திருப்பாடல்கள் இருக்க, அவர் கைக்கு இது வந்து சேர்ந்ததை நாம் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

இறுதி நிகழ்ச்சி 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் காற்பந்து அரங்கில் நடந்தது. வருவாய், நடுக்குவாத நோய்க்கான அமைப்புக்கும் பர்மிங்காம் சிறுவர் மருத்துவமனைக்கும் இறுதிநிலையிலுள்ள சிறுவரைப் பேணும் இல்லத்துக்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நடுக்குவாதத்தால் நிற்க இயலாத ஆஸ்பர்ன் இருக்கையில் அமர்ந்தே பாடினார். 17 நாள்கள் கழித்து, ஜூலை 22 அன்று காலமானார். அந்த இரவு முதல் நால்வர் ஒன்றாக வாசித்தவை நான்கே பாடல்கள். இரண்டாவது, நாம் சிரித்துக்கொண்ட அந்த 'என்.ஐ.பி.'. அது பேஸின் தனிவாசிப்போடு தொடங்கும் பாட்டு. எழுபத்தாறு வயதை எட்டவிருந்த பட்லர் தனியாக வாசித்தார். பேஸ் எங்கே நிற்கிறது என்று அன்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐயோமி அருகில் கிதாரோடு காத்திருந்தார். பட்லர் முடித்தார். பிறகு இருவரும் சேர்ந்து, ஒருவருக்கு ஒரு ஸ்தாயி கீழே மற்றவராக, அந்தப் பழைய வரிக்குள் இறங்கினார்கள்.